வாசலில் அம்மாவின் செருப்பு

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியானால் எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். காரணம் கேம்பர், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. வீட்டைப் பூட்டிக் கிளம்புவது போல அதைப் பூட்டிக் கிளம்பிவிட முடியாது. வெளியே தண்ணீர்க் குழாயை மூட வேண்டும், கேஸ் சிலிண்டரை அடைக்க வேண்டும், பக்கவாட்டில் விரித்த பந்தல் துணியைச் சுருட்ட வேண்டும், ஃபிரிட்ஜைத் துடைத்துக் காலி செய்ய வேண்டும், எறும்புக்குப் பயந்து சர்க்கரை டப்பாவைக் கையோடு எடுத்துவர வேண்டும். இத்தனையும் முடித்துக் காரில் ஏறி இருபது நிமிடம் ஆன பிறகு என் கணவர் மெதுவாக, "கேஸ மூடினியா?" என்பார். "நீங்கதானங்க மூடறேன்னீங்க?" என்பேன் நான். பாதி வழியிலிருந்து திரும்பிப் போன ஞாயிறுகள் எங்கள் கணக்கில் நிறைய.

நாங்கள் இருப்பது டல்லாஸுக்குப் பக்கத்தில், காப்பெலில். கேம்பர் நிற்பது அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு ஏரிக்கரையில். அதை வாங்கியபோது அமெரிக்கா முழுக்க இழுத்துக்கொண்டு சுற்றுவதாகத்தான் பேச்சு. இரண்டு முறை இழுத்துப் போனோம். இரண்டாவது முறை பெட்ரோல் பங்க்கில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் என் கணவர் ஒரு கம்பத்தில் மோதினார். வரிசையில் நின்ற அத்தனை லாரிக்காரர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அன்றோடு தேசாந்திர ஆசை தீர்ந்தது. சீசன் முழுவதற்கும் ஒரே இடத்தை வாடகைக்குக் கொடுக்கும் முகாம் ஒன்றைத் தேடிப் பிடித்து அதை அங்கே நிறுத்திவிட்டோம். டெக்ஸாஸில் குளிர் குறைவு, ஆகவே சீசன் என்பது கிட்டத்தட்ட வருஷம் முழுக்க. சனி, ஞாயிறு போவோம். மற்ற ஐந்து நாளும் அது தனியாக நிற்கும்.

அந்த ஐந்து நாளும் அதைப் பற்றிய கவலை எனக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது 'ரிஸ்க்' என்று சொன்னால் எனக்கு முதலில் கேம்பரின் கதவுதான் நினைவுக்கு வரும். அந்தக் கதவு நம் ஊர் பீரோக் கதவைவிட மெல்லியது. ஓர் உதைக்குத் தாங்காது.

எங்களுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, ஒரு பெரியவரின் கேம்பர். அவர் எங்களைப் போல வாரக்கடைசி ஆள் இல்லை. குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடியேறியிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. காலையில் வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், நாயோடு நடந்து போகிறவர்கள் எல்லோருக்கும் ஐந்து நிமிடமாவது அவரிடம் செலவாகும். யார் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, யார் மகனுக்குக் கல்யாணம், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பேசும் ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசம் கிடையாது. ஆனாலும் என் காதில் அவர் என்னை 'நீ' என்று கூப்பிடுவதாகவே விழும். அது எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் கடைசியில் அம்மா ஈரோட்டிலிருந்து வந்தாள். ஆறு மாதம். காப்பெல் வீடு அவளுக்கு இரண்டே வாரத்தில் கசந்துவிட்டது. "இங்க மனுச மூஞ்சியே பாக்க முடியறதில்ல கண்ணு. கதவு தொறக்குது, கார் உள்ள போகுது, கதவு மூடுது. அம்புட்டுத்தான்," என்றாள். ஏரிக்கரையில் அப்படி இல்லை. வெளியே உட்கார்ந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் 'ஹாய்' என்பார்கள், இவளும் 'ஹாய்' என்பாள். மறுநாள் அவர்களை அவளுக்கு அடையாளம் தெரியும். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டாள். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்பதால், பெரும்பாலும் நானும் அவளோடு திங்கள், செவ்வாய் தங்குவேன். இரண்டு மூன்று தடவை அவள் தனியாகவும் தங்கினாள். அப்போதெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டது எதிரே இருந்த பெரியவர்தான்.

இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஒரு நாள் எங்கள் வென்னீர் ஹீட்டர் நின்றுபோக, அவர் கருவிப் பெட்டியோடு வந்து பூட்ஸ் காலோடு படியில் ஏறினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவர் பூட்ஸைக் கைகாட்டினாள். அவர் கீழே இறங்கி, கால் துடைக்கும் மிதியடிமேல் உட்கார்ந்து, முனகிக்கொண்டே பூட்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். அம்மா அவருக்குத் தட்டு நிறைய முறுக்கு கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் ஒரு பாட்டிலில், நம் அக்ரூட் போலிருக்கும் பீக்கான் பருப்பை உரித்துக் கொண்டுவந்தார். அப்படி ஆரம்பித்த பழக்கம்.

பூட்ஸ் விஷயத்தில் அவர் ஒன்று கற்றுக்கொண்டார். "இப்பல்லாம் நான் கதவைத் தட்டறதே இல்ல," என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "மிதியடியைப் பார்ப்பேன். பிரவுன் செருப்பு வெளியே இருந்தா உங்கம்மா உள்ளே இருக்காங்க." அம்மாவின் செருப்பு ஈரோட்டுக் கடையில் வாங்கியது, கட்டைவிரல் வளையம் வைத்த தோல் செருப்பு. அந்த முகாமில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. குளிர் காலத்தில் அம்மா அதிகம் வெளியே வரவில்லை. ஆனால் செருப்பு கிடக்கும், அவருக்கு அது போதும்.

மார்ச் மாதம் அம்மா ஊருக்குத் திரும்பினாள். விமானத்தில் கால் வீங்கும் என்று ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். கடைசி வாரக்கடைசி பெட்டி கட்டுவதில் போய்விட்டதால் ஏரிக்கு வரவில்லை. செருப்பு அங்கேயே இருந்தது. விமான நிலையத்தில் அம்மா ஞாபகமாகச் சொன்னாள்: "எதுத்த வீட்டுப் பெரியவர்கிட்டச் சொல்லிப்போடு கண்ணு. நான் போயிட்டு வர்றேன்னு சொன்னேன்னு சொல்லு."

"சரிம்மா," என்றேன். சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதே மார்ச்சில், எங்கள் வரிசைக்குப் பின்னால் இருந்த இரண்டு கேம்பர்களின் கதவை நெம்பி, உள்ளே இருந்ததையெல்லாம் யாரோ வாரிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டும் வாரநாளில் ஆளில்லாமல் இருந்தவை. அதைக் கேட்ட கணத்தில் எனக்குள்ளிருந்து ஈரோடு எழுந்துவிட்டது. நாங்கள் சின்ன வயதில் குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பினால் அப்பா செய்யும் முதல் வேலை, வாசல் லைட்டைப் போட்டுவிட்டுத் தன் பழைய செருப்பு ஒன்றைக் கதவுக்கு வெளியே விடுவது. பேப்பரையும் பாலையும் நிறுத்துவது அடுத்த வேலை. வீடு பூட்டியிருக்கிறது என்று ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. யாராவது கேட்டால், "பெரியவங்க உள்ள இருக்காங்க," என்று சொல்லச் சொல்லி எங்களைப் பழக்கியிருந்தார். நாங்களும் கூசாமல் சொல்வோம். எங்களைப் போன்ற குடும்பங்களில் அது பொய்யாகக் கருதப்படாது, சாமர்த்தியம்.

ஆகவே அம்மாவின் செருப்பை மிதியடிமேல் ஜோடியாக, இப்போதுதான் கழற்றிவிட்டது போல வைத்தேன். சமையல் மேடைக்கு மேலே ஜன்னலோரம் ஒரு விளக்கு வைத்து, அதற்கு டைமர் போட்டேன். மாலை ஆறுக்குத் தானாக எரியும், பத்துக்கு அணையும். என் கணவர் கைகட்டி நின்று பார்த்தார். "எதுக்கால இருக்கறவர்கிட்ட மட்டுமாச்சும் சொல்லிப்போடலாமே," என்றார்.

"அவர்கிட்டச் சொல்றதும் மைக் வச்சுச் சொல்றதும் ஒண்ணுதான். அடுத்த நாள் முகாம் முழுக்கத் தெரிஞ்சிரும். சும்மா இருங்க," என்றேன். நியாயமான காரணமாகத்தான் பட்டது. அவரும் விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் பீக்கான் பாட்டிலோடு வந்தார். "இது அம்மாவுக்கு. ரெண்டு வாரமா ஆளையே பார்க்கலையே?" என்றார்.

எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இந்த மகரந்தம் அவங்களுக்கு ஒத்துக்கல. ஒரே தும்மல். கதவைச் சாத்திட்டு உள்ளேயே படுத்திருக்காங்க," என்றேன். வசந்த காலத்தில் டெக்ஸாஸில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், சந்தேகமே வராது. அதோடு நின்றிருக்கலாம். "வாரநாள்லயும் இங்கதான் இருப்பாங்க. கொஞ்சம் பார்த்துக்குங்க," என்றும் சொன்னேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வீட்டில் ஆள் இருப்பதாகவும் ஆயிற்று, சம்பளமில்லாமல் ஒரு காவல்காரரும் கிடைத்தார்.

"அதை நீ சொல்லணுமா?" என்றார் அவர். ஜன்னலைப் பார்த்து, உள்ளே படுத்திருக்கும் அம்மாவுக்குத் தொந்தரவில்லாத மாதிரி மெல்லக் கையசைத்துவிட்டுப் போனார்.

உள்ளே தோசை தின்றுகொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்கினாள். பதின்மூன்று வயது, தமிழ் முழுக்கப் புரியும், வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான். "தட்ஸ் எ லை, அம்மா," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம சாப்பிடு," என்றேன்.

அந்தப் பருப்பை வைத்து அடுத்த வாரம் பர்ஃபி செய்தேன். நன்றாக வந்திருந்தது. ஆபீஸுக்கும் எடுத்துப் போனேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை. சாயங்காலம் வானம் பச்சையடித்துக் கறுத்தது. காப்பெலில் எங்கள் மூன்று பேர் போனும் ஒரே நேரத்தில் அலறின. சூறாவளி எச்சரிக்கை. மாடிப்படிக்கு அடியிலிருக்கும் சின்ன அறைக்குள், வேக்குவம் கிளீனருக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே, மூவரும் முட்டியைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கம் மழையோடு போயிற்று. வெளியே வந்து டீ போட்டுக் குடிக்கும்போது போன் வந்தது. முகாம் ஆபீஸில் இருக்கும் அம்மாள்.

"கேம்பருக்கு என்ன ஆச்சு?" என்றேன். ஹலோவுக்குப் பதிலாக அதைத்தான் கேட்டேன்.

"உங்க அம்மா உங்களோடதான் இருக்காங்களா?" என்றாள்.

"அம்மா இந்தியாவுல இருக்காங்க."

"எப்போ போனாங்க?"

"மார்ச்ல."

அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அதன் பிறகு சொன்னாள். சைரன் அடித்ததும் முகாமில் இருந்த எல்லோரும் கான்கிரீட் பொதுக் குளியலறைக் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். பெரியவரும் போயிருக்கிறார். உள்ளே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர், "அந்த இந்திய அம்மா வரலையே," என்றிருக்கிறார். வேண்டாம் என்று இரண்டு பேர் கையைப் பிடித்தார்களாம். "அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. சைரன்னா என்னன்னே தெரியாது," என்று உதறிக்கொண்டு ஓடியிருக்கிறார். அப்போது ஆலங்கட்டி மழை தொடங்கிவிட்டது. எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகள். எங்கள் ஜன்னலில் விளக்கு எரிந்திருக்கிறது. மிதியடிமேல் செருப்பு இருந்திருக்கிறது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன் இடத்துக்கு ஓடி ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்து பூட்டை நெம்பியிருக்கிறார். படியில் ஐஸ் கொட்டிக் கிடந்திருக்கிறது. கம்பியோடு பின்பக்கமாக விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. தோள்பட்டை எலும்பும். மழை ஓய்ந்து மற்றவர்கள் போய்ப் பார்க்கும்வரை எங்கள் படிக்குக் கீழேதான் கிடந்திருக்கிறார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதும் உங்க கதவைத்தான் காட்டினார்," என்றாள் அவள்.

போனை வைத்தேன். என் கணவர் என்னவென்று கேட்டார். முழுதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். "சரி, சனிக்கிழமை போய்ப் பாக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு டீ டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் மகள் இருந்தாள். வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தாள், என் வயது இருக்கும். பெரியவர் படுக்கையில் பாதியாகத் தெரிந்தார். முகமெல்லாம் ஆலங்கட்டி பட்டுக் கன்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல் படுத்தார்.

"அம்மா?" என்றார்.

"நல்லா இருக்காங்க. இந்தியாவுல இருக்காங்க."

கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. "கதவைத் திறக்க முடியல என்னால," என்றார். "உள்ளே யாரும் இல்லைன்னு இவங்க சொன்னாங்க. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். மூணு நாளா அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்."

நான் அவர் கையைத் தொட்டேன். தொடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நெற்றியைச் சுருக்கினார். "அம்மா எப்போ போனாங்க?"

"மார்ச்ல."

"மார்ச்." யோசித்தார். "உள்ளே இருக்காங்கன்னு நீ சொன்ன மாதிரி ஞாபகமா இருந்தது. பார்த்துக்கச் சொன்ன மாதிரி."

மகள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அந்த அறையில் வேறு யாரும் பேசவில்லை, எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வயசாயிடுச்சு," என்றார் அவர், மகளிடம், மன்னிப்புக் கேட்பது போல. "குழப்பிக்கிட்டேன்."

வழியனுப்ப வந்த மகள் வராந்தாவில் நின்று எனக்கு நன்றி சொன்னாள். "ஒரு வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன், அப்பா கேட்கல," என்றாள். "தனியா இருக்க முடியாது அவரால. ஒரு மாசத்துக்கு முன்னாடியே போன ஒரு அம்மா உள்ளே இருக்காங்கன்னு ஆலங்கட்டி மழையில ஓடியிருக்கார். அவங்க இருக்கறதா நீங்க சொன்னதா வேற நினைக்கறார். திங்கட்கிழமை ஞாபக சக்தி டெஸ்ட். எங்க ஊர்ல ஞாபகம் போனவங்களுக்குன்னு ஒரு இல்லம் இருக்கு, பூட்டித்தான் வச்சிருப்பாங்க, ஆனா பத்திரம். அங்கே பேசியிருக்கேன்."

"இடுப்பு சரியானா திரும்பி வந்துருவார்னு நினைச்சேன்," என்றேன்.

"இடுப்புக்காக இல்ல," என்றாள் அவள். என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

காரில் என் கணவர் காத்திருந்தார். "சொல்லிட்டியா?" என்றார். நான் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பின்சீட்டில் என் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

அன்றிரவும் மறுநாளும் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். ஓடச் சொன்னது நானா? கதவை உடைக்கச் சொன்னேனா? அந்த வயதில் தனியாக இருப்பதே தப்புதான், மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கேஸ் போட்டுவிட்டால்? இப்படி எத்தனையோ. ஒவ்வொன்றும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால், 'குழப்பிக்கிட்டேன்' என்று அவர் மகளைப் பார்த்த பார்வை வந்து நின்றது. தன் காதால் கேட்டதை, என் மரியாதைக்காக, கேட்கவில்லை என்று ஆக்கிக்கொண்ட மனிதர். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே திங்கள் விடிகாலை, காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில், "பெரியவர்கிட்டச் சொன்னியா?" என்றாள். வாராவாரம் கேட்பாள், வாராவாரம் 'சொல்லிட்டேன்' என்பேன். அன்றைக்கு உள்ளதையெல்லாம் சொன்னேன். செருப்பு, விளக்கு, மகரந்தம், கம்பி, இடுப்பு, டெஸ்ட் எல்லாம். அம்மா காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"திருட்டுக்குப் பயந்து சொன்னே. அது போகட்டும். உங்கப்பாவும் சொல்லுவாரு," என்றாள் கடைசியில். "ஆனா கண்ணு, மழைக்குள்ள எனக்காக ஓடி வந்த மனுசனுக்குப் புத்தி சரியில்லன்னு பேரு வாங்கிக் குடுத்துப்போட்டு, நீ எப்படிச் சோறு திங்கறே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாகவே டிரைவ் பண்ணிப் போனேன். நான் போனபோது டெஸ்ட் பாதியில் இருந்தது. பெரியவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தியிருந்தார்கள். ஓர் இளம்பெண் ஃபாரத்தோடு எதிரே உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, கடிகாரத்தில் பதினொன்று பத்து எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வலது தோளில் கட்டு இருந்ததால் அவர் இடது கையால் கோணலாகக் கடிகாரம் வரைந்தார். முட்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, சரியா என்று கேட்பது போல மகளைப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன்பு அந்த மனிதர் யாரையும் பார்த்து எதையும் சரியா என்று கேட்டதில்லை.

"இல்லாத ஒருவர் இருப்பதாக நினைத்தது இதுதான் முதல் தடவையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவர் அப்படி நினைக்கல," என்றேன் நான், வாசலில் நின்றபடி.

மூவரும் திரும்பினார்கள். உள்ளே போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எங்கம்மா உள்ளே இருக்காங்கன்னு நான்தான் இவர்கிட்டச் சொன்னேன். வாரநாள்லயும் இருப்பாங்க, பார்த்துக்குங்கன்னும் சொன்னேன். அது பொய். அம்மா அப்பவே ஊருக்குப் போயாச்சு. ஆள் இருக்கற மாதிரி தெரியணும்னு விளக்கும் செருப்பும் வச்சேன். இவர் கேட்டது சரி. ஞாபகம் வச்சிருந்ததும் சரி. சனிக்கிழமை இவர் கேட்டப்போ நான் வாயைத் திறக்கல."

அந்தப் பெண் ஃபாரத்தைப் பார்த்தாள். ஏற்கெனவே எழுதியிருந்த இரண்டு வரியை அடித்தாள், பக்கத்தில் ஏதோ எழுதினாள். மகளின் முகம் சிவந்துவிட்டது. "ஏன்?" என்றாள்.

"திருட்டுப் பயம். வாரநாள்ல யாரும் இல்லைன்னு வெளியே தெரிஞ்சா..."

"வெளியே சரி. இவர்கிட்ட ஏன்? பத்தடியில இருந்தாரே. இவர்கிட்டச் சொல்லியிருந்தா இன்னும் பத்திரமாத்தானே இருந்திருக்கும்?"

வாய் ஓயாதவர், ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று என் கணவரிடம் சொன்ன காரணம் நாக்கு நுனிவரை வந்தது. காரிலும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இருந்த குழப்பம் அந்தக் கண்ணில் இப்போது இல்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் வீடுகளுக்குள் போய் வேலை பார்த்தவர். ஒரு பொருள் காணாமல் போனால் யார் யாரை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அந்த ரெண்டு கேம்பர் உடைஞ்சப்போ," என்றார். "என்னையும் நினைச்சியா?"

கோபமில்லாத குரல். மார்ச்சில் பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி தேவைப்படவில்லை. இதற்கு நேரம் எடுத்தது.

"ஆமாங்க," என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு அவருக்குப் புரியும்படி இன்னொரு முறை சொன்னேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த இளம்பெண்ணிடம் திரும்பி, மிச்சக் கேள்விகளைக் கேட்கச் சொன்னார்.